கண்ட நாள், சொன்ன நாள்

நஜிமுதீன் தொலைபேசியில் அழைத்தபோது நான் காலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டில் இருந்தேன். இடையில் நிறுத்தினால் முதற்பாட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது எனக்கு நானே வகுத்துக்கொண்ட விதி. மணி ஒலித்து ஓய்ந்தது, மறுபடியும் ஒலித்தது. எடுத்துவிட்டேன்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ஒரு போட்டி. நீங்கதான் ஜட்ஜ். மாட்டேன்னு சொல்லக் கூடாது லா."

"என்ன போட்டி?"

"கூட்டல்! கொஞ்சம் நம்பரைக் கூட்டுற மாதிரி புரோகிராம் எழுதணும். ஆனா தப்பாக் கூட்டணும். பார்த்தா சரியா இருக்கணும், செக் பண்றவங்க கண்ணுல மாட்டக் கூடாது. இப்பப் பாதி புரோகிராமை மெஷினே எழுதிக் குடுத்துடுது. வரி வரியாப் படிச்சுப் பார்க்குற பழக்கம் இந்தப் பிள்ளைங்ககிட்டப் போச்சு. அதான், நம்ம பரஞ்சோதி மிஸ் முறையில ஒரு விளையாட்டு வைக்கலாம்னு. உறை, பெட்டி எல்லாம் வாங்கிட்டேன்."

நான் பதிகப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"போஸ்டரும் ஒட்டியாச்சு. 'வார்டுப் பிழையை இருபதே நிமிடத்தில் கண்டுபிடித்தவர் நடுவராக வருகிறார்'னு போட்டிருக்கோம். எப்படி?"

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மூன்று முறை பதிகத்தைத் தொடங்கியும் கடைசிப் பாட்டான பதினொன்றை எட்ட முடியவில்லை. சிங்கப்பூரில், கிளமெண்டியில் இருக்கும் என் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். பிறகு ரயிலேறித் தேக்காவுக்குப் போனேன். கோயிலில் உச்சிக்கால பூசைவரை நின்றுவிட்டு வெளியே வந்தபோது, திருநீற்றைப் பெற்றுக்கொண்டேனா இல்லையா என்பதுகூட நினைவில் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமைவரை இப்படியே கழிந்தது. காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மென்பொருள் சோதனையாளனாக முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்தேன். அதற்கு முந்திய வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம். தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்னணுவியல், ஒரு தொலைக்காட்சித் தொழிற்சாலையில் ஆறாண்டுகள், மாலை வகுப்பில் கணினி. பின்னர், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். ஆங் மோ கியோவில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஏழாம் மாடி. கீழ்த்தளத்தில் பிஸ்கட் சுடுவார்கள். மூன்று மணிக்கு வெண்ணெய் மணம் மேலேறி வரும். பிறர் எழுதும் நிரலை இயக்கிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அறையில் ஐந்து சோதனையாளர்கள். எனக்கு அடுத்த இருக்கை நஜிமுதீனுக்கு. நாகூரிலிருந்து வந்து இங்கே மூன்று தலைமுறையாக வணிகம் செய்த குடும்பம். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கணினிக்கு வந்தவர். எங்கள் ஐவருக்கும் மேலே மிஸ் பரஞ்சோதி.

மிஸ் பரஞ்சோதி யாழ்ப்பாணத்து வழிவந்தவர். அவர் தந்தையார் அந்நாளில் இங்கே ரயில்வே எழுத்தராக இருந்தவர். மிஸ் பிறந்ததும் படித்ததும் சிங்கப்பூரில்தான் என்றாலும் பேச்சில் வீட்டு மொழி மாறவே இல்லை. வெந்நீர்க் குடுவை ஒன்று, நன்றாகச் சீவிய பென்சில்கள் மூன்று, நீல அட்டைப் பதிவேடு ஒன்று: இவற்றுக்கு மேல் அவர் மேசையில் எதையும் நான் கண்டதில்லை. குரலை உயர்த்தமாட்டார். நாம் அவசரமாகப் பேசினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாமே அடங்கி, சொன்னதைத் திரும்பவும் முறையாகச் சொல்லுவோம்.

அவர் வகுத்த முறை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் சோதனை அறையிலிருக்கும் நிரலில் மட்டும் அவர் ஒரு பிழையை வேண்டுமென்றே நடுவார். பெரும்பாலும் அது கூட்டலில்தான் இருக்கும். கடைசி எண்ணை விட்டுவிடும் கூட்டல், ஒற்றைப்படை எண் வந்தால் ஒன்று குறைக்கும் கூட்டல், பிப்ரவரியில் மட்டும் பிசகும் கூட்டல் என்று அவருக்குத் தோன்றாத வகையே இல்லை. "ஒண்டு விதைச்சிருக்கிறன், தேடுங்கோ" என்பார். கண்டவர் அதைத் தாளில் எழுதி, தம் பெயரையும் கண்ட நாளையும் உள்ளே குறித்து, உறையிலிட்டு ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். காணாதவரும் 'காணவில்லை' என்றெழுதிப் போட வேண்டும். ஆகவே பெட்டியில் வாரந்தோறும் ஐந்து உறைகள் இருக்கும். வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பிரிப்பார். வென்றவருக்கு மிஸ்ஸின் செலவில் உருளைக்கிழங்குக் கறிபஃப் இரண்டு.

இதில் ஒரு கண்டிப்பு இருந்தது. நட்ட பிழைதான் உறைக்குள் போகும். உண்மைப் பிழை கண்ணில் பட்டால் அந்த நிமிடமே நீலப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் 'கண்ட நாள்', 'சொன்ன நாள்' என்று இரண்டு பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

"ரெண்டும் ஒரே நாள்தானே மிஸ், எதுக்கு ரெண்டு பத்தி?" என்று நஜிமுதீன் ஒருமுறை கேட்டார்.

"ஒரே நாளாயிருந்தா ரெண்டு தரம் எழுதுறது உங்களுக்குக் கஷ்டமில்லைத்தானே?" என்றார் மிஸ்.

எட்டாவது ஆண்டில் நீர்க்கணக்கு மென்பொருள் வந்தது. இதயமோ சிறுநீரகமோ பழுதான நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று மருத்துவர் அளவு வைப்பார். கஞ்சி, கோப்பி, மருந்தோடு குடிக்கும் தண்ணீர் என்று உள்ளே போகும் ஒவ்வொன்றையும் தாதியர் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மென்பொருள் அந்தக் கூட்டலைத் திரையில் செய்து, இன்னும் எவ்வளவு கொடுக்கலாம் என்று காட்டும். ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு வார்டில் முன்னோட்டமாக அதை ஓட விட்டிருந்தோம். அதே நிரலின் இன்னொரு படி எங்கள் சோதனை அறையில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அந்தப் பிழையைக் கண்டேன். காலை எட்டு மணிக்குக் கஞ்சி இருநூறு மில்லி என்று பதிந்தேன். அதே எட்டு மணிக்குக் கோப்பி நூற்றைம்பது என்று பதிந்தேன். மொத்தம் முந்நூற்றைம்பது வர வேண்டும். திரை நூற்றைம்பது என்றது. நேரத்தை எட்டு மணி ஒரு நிமிடம் என்று மாற்றினேன், முந்நூற்றைம்பது வந்தது. விளங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவையும் நிரல் அதன் நேரத்தைக் கொண்டே அடையாளம் வைத்திருந்தது. ஒரே நிமிடத்தில் இரண்டு வந்தால், பின்னது வந்து முன்னதை அழித்துவிடும்.

எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சிதான். இதை மறைக்கக் கூடாது. எத்தனை நேர்த்தியாக ஒளித்திருக்கிறார் என்று மிஸ்ஸை மனத்துக்குள் மெச்சினேன். எழுதினேன், மடித்தேன், உறையிலிட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டேன். இது அவர் நட்டதுதானா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து இரண்டடி நடந்து கேட்டிருக்கலாம். கேட்டால் நஜிமுதீனின் காதில் விழும். கறிபஃப் அவருக்கும் பங்காகும். அந்த அற்பமான எண்ணம் வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கேட்கவில்லை.

வியாழன் காலை ஒன்பதரைக்கு மிஸ்ஸின் மேசைத் தொலைபேசி ஒலித்தது. வார்டிலிருந்து தாதி அமலி பேசினார். மிஸ் எதிர்க்கேள்வி எதுவும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உடனை நிப்பாட்டுங்கோ. தாளுக்கு மாறுங்கோ. நாங்கள் வாறம்" என்றார். எங்கள் பக்கம் திரும்பினார். எழுபது வயதான திரு. டான் என்பவருக்கு இரண்டு நாள்களாக அளவுக்கு மீறி நீர் போயிருக்கிறது. கால்கள் வீங்கி, மூச்சு வாங்கி, தீவிரக் கண்காணிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். தாதி சந்தேகப்பட்டுக் கையால் கூட்டிப் பார்த்தபோது திரையின் கணக்கு முந்நூறு மில்லி குறைவாக இருந்திருக்கிறது. "எங்கடை கூட்டல் பிழை. எங்கை எண்டு தேடுங்கோ."

எங்கே என்று எனக்குத் தெரியும். செவ்வாய் முற்பகலிலிருந்தே தெரியும்.

அடுத்துச் செய்ததை இந்தப் போட்டி நாள்வரை ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். நான் தேடுவதுபோல் நடித்தேன். எண்களை மாற்றி மாற்றி விசைகளைத் தட்டினேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடனே சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் அல்லவா? இருபது நிமிடம் கழித்து, "கண்டுபிடிச்சிட்டேன்" என்று எழுந்தேன். நஜிமுதீன் என் தோளில் அறைந்தார். "அண்ணே, இருபது நிமிஷம்! மனுஷனா மெஷினா நீங்க?" நிரலை எழுதியவர்கள் ஓடி வந்து கைகுலுக்கினார்கள். நண்பகலுக்குள் திருத்திவிட்டோம்.

அன்று மாலை மிஸ் மருத்துவமனைக்குப் போயிருந்தார். அறையில் யாருமில்லை. பெட்டிக்குப் பூட்டுக் கிடையாது. அவர் பூட்டியதே இல்லை. ஐந்து உறைகளில் என்னுடையதை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நான்கு மணிக்கு வழக்கம்போல் கூடினோம். வழக்கம்போல என்று சொன்னாலும், ஒருவர் முகத்திலும் உயிரில்லை. மிஸ் பெட்டியைத் திறந்து உறைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பெட்டிக்குள் மறுபடி கையைவிட்டுத் துழாவினார். பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்:

"வந்த உறைகள், ஐஞ்சு."

நான் தலைநிமிர்ந்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. உறைகளைப் பிரித்தார். அந்த வாரம் அவர் நட்டிருந்தது கஞ்சிக்கும் கோப்பிக்கும் தொடர்பே இல்லாத வேறொரு பிழை. இருவர் அதைக் கண்டிருந்தார்கள். பெயர்களை வாய்விட்டுச் சொல்லாமலே குறித்துக்கொண்டு பதிவேட்டை மூடினார்.

எட்டாண்டுகளில் அந்த அம்மையார் ஓரெண்ணைத் தவறாக எழுதி நான் பார்த்ததில்லை. இது பிசகு அன்று, எனக்காக நட்ட பிழை என்பது அவர் வாய் மூடுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் 'மிஸ், நான்குதான்' என்ற இரண்டு சொற்கள். அவை வெளியே வரவில்லை.

சனி போயிற்று. ஞாயிறு காலை கோயிலில் எங்கள் ஓதுவோர் குழு கூடியது. சேர்ந்து ஓதும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அடி தவறினால் மற்றவர்கள் குரலைச் சற்று உயர்த்துவார்கள். பிழை அதில் மூழ்கிவிடும். கேட்போருக்குத் தெரியாது. அதை அன்பு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அன்று நான் இரண்டிடங்களில் தவறினேன். இரண்டு முறையும் மற்றவர்கள் குரல் உயர்ந்து என்னை மூடியது. இப்பதிகங்களைப் பாடிய அடியார்கள் தம் குற்றத்தைத் தாமே எண்ணி எண்ணி இறைவன் முன் வைத்து அழுதிருக்கிறார்கள். அந்தச் சொற்களை நான் பண்ணோடு பாடிக்கொண்டு, உறையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. உண்மையிலேயே அது பையில்தான் இருந்தது. வீட்டில் வைக்கவும் துணிவில்லை, கிழிக்கவும் துணிவில்லை.

திங்கள் காலை ஏழரைக்கு அலுவலகம் போனேன். மிஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். உறையை அவர் மேசைமேல் வைத்தேன்.

அவர் பிரித்தார். நாளைப் பார்த்தார். மறுபடி மடித்து உறைக்குள்ளேயே வைத்தார்.

"பாத்தனீங்கள். எழுதினனீங்கள். ஆனா சொல்லேல்லை."

"நீங்க நட்டதுன்னு நினைச்சிட்டேன் மிஸ்."

"செவ்வாய்க்கிழமை அப்பிடி நினைச்சது பிழையில்லை. அது என்ரை முறையிலை உள்ள ஓட்டை. அதை நான் அடைக்க வேணும். வியாழக்கிழமை என்ன நினைச்சனீங்கள்?"

இறைவன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல் ஏதோ முணுமுணுத்தேன்.

"அவர் பொறுப்பார். அது அவரின்ரை வேலை" என்றார் மிஸ். "வார்டிலை கிடக்கிற மனிசனுக்கு நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. இது உங்கடை வேலை."

பிறகு பதிவேட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை எழுதிய ஐந்தை அடித்து நான்கு என்று திருத்தினார். "இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க மூண்டு நாள் எடுத்திருக்கிறியள்" என்றார். வார்டுப் பிழையின் வரியில் 'கண்ட நாள்' என்ற பத்தியிலிருந்த வியாழனை அடித்துச் செவ்வாய் என்று எழுதினார். 'சொன்ன நாள்' வியாழனாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் ஒரு மனிதரின் கால்களில் வீக்கமாகத் தேங்கியிருந்தன.

அன்றே வார்டுக்குப் போனேன்; மிஸ் அங்குள்ள மருத்துவரிடம் அனுமதி வாங்கிவைத்திருந்தார். தாதி அமலி என்னைக் கண்டதும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த அங்கிள் எப்பப் பார்த்தாலும் தண்ணி தண்ணின்னு கேப்பாரு சார். இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப் போச்சு. அந்த ரெண்டு நாளும் ஸ்கிரீன்ல இன்னும் இடம் இருக்குன்னு காட்டுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானே ஓடிப்போய்க் குடுத்தேன்" என்றார். பிறகு என்னைக் கட்டிலருகே அழைத்துப் போனார்.

திரு. டான் ஆபத்தைக் கடந்து வார்டுக்குத் திரும்பியிருந்தார். எலும்பும் தோலுமான மேனி; கால்கள் மட்டும் பருத்திருந்தன. எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவான, கடைத்தெருவில் பேசும் மலாய் மொழியில் சொன்னேன். கணக்குத் தவறு எங்களுடையது, அதை நான் முன்னரே கண்டேன், சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

"இப்போது நான் எவ்வளவு குடிக்கலாம்?"

அமலி தாளை எடுத்துக் கையால் கூட்டினார். எண்பது மில்லி மிச்சமிருந்தது. சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் அளந்து கொடுத்தார். திரு. டான் அதை நான்கு வாயாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணம் காலியாகும்வரை நான் நின்றேன்.

மிஸ் இதை எவரிடமும் சொல்லவில்லை. அடுத்த திங்களிலிருந்து முறை மாறியது: நட்ட பிழையோ உண்மைப் பிழையோ, கண்டவர் அந்த நிமிடமே மிஸ்ஸின் காதில் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மிஸ் ஓய்வுபெற்றுத் தங்கையிடம் மெல்பர்ன் போனார், அங்கேயே காலமானார். அலுவலகம் இடம் மாறியபோது நீலப் பதிவேடுகள் எங்கே போயினவோ தெரியாது. 'இருபது நிமிடம்' மட்டும் வாய்வழியாக வளர்ந்துகொண்டே வந்தது. என் ஓய்வு விருந்திலும் அதைச் சொன்னார்கள். நான் கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

போட்டி நடந்த வெள்ளிக்கிழமை, நஜிமுதீன் இப்போது தலைமை வகிக்கும் பொங்கோல் அலுவலகத்துக்குப் போனேன். சுவரே கண்ணாடியான அறை. பன்னிரண்டு இளம் பொறியாளர்கள். போட்டியை நடத்திய ஷர்மிளா என்ற பெண்மணி வாசலிலேயே வரவேற்றார். சுவரொட்டியில் என் பழைய படம். மேசைமேல் உறைகள், பெட்டி, வெள்ளைப் பலகையில் மூன்று பத்திகள்: பெயர், கண்ட நாள், சொன்ன நாள். நஜிமுதீன் மிஸ்ஸின் முறையை ஒரு வரி விடாமல் பின்பற்றியிருந்தார்.

"அங்கிள், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த வார்டு ஸ்டோரியைச் சொல்லுங்களேன். ட்வென்டி மினிட்ஸ்! எப்படி அங்கிள்?" என்றார் ஷர்மிளா.

"இவரு ஒரு பேய் லா. சும்மா உக்காந்திருப்பாரு, திடீர்னு எழுந்திருப்பாரு" என்றார் நஜிமுதீன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, "இருபது நிமிடமில்லை, இரண்டு நாள்" என்று தொடங்கினேன். செவ்வாயிலிருந்து திங்கள்வரை, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். உறையை எடுத்ததைச் சொன்னேன். மிஸ் ஐந்து என்று எழுதியதையும் சொன்னேன். சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நஜிமுதீன் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"நானும் எண்ணினேன் அண்ணே," என்றார். "நாலுதான் இருந்துச்சு. மிஸ் அஞ்சுன்னு சொன்னதும் எனக்குத் திக்குன்னுச்சு. யாரோ மாட்டிக்குவாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். இத்தனை வருஷமா அது யாருன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மிஸ் கிட்டயும் கேட்கல, உங்ககிட்டயும் கேட்கல."

ஷர்மிளா மெல்ல வெள்ளைப் பலகையிடம் போனார். என் பெயரை எழுதி, அதன் கீழே நஜிமுதீனின் பெயரை எழுதினார். பேனாவை மூன்றாம் பத்தியின் மேல் நிறுத்திக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ், உங்களுக்குச் 'சொன்ன நாள்'ல இன்னிக்குத் தேதி போடட்டுமா?"